கைராசிக்காரர் தொட்ட போல்ட்

“தோமஸ் அண்ணே, ஒன்னு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது.”

சுதர்ஷினி இப்படித் தொடங்கியதுமே தோமஸுக்கு விஷயம் விளங்கிவிட்டது. கையிலிருந்த துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே, “சொல்லு தங்கச்சி” என்றார்.

“வேன் வேலய நீங்கதான் செய்யணும். ஒங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா? ஆனா மொத ஸ்பேனர மட்டும் ஸ்ரீதரன் அண்ணன் போட்டுக் குடுக்கட்டும். நாளக்கி பால் வெட்டு முடிஞ்சி வாரேன்னு சொல்லியிருக்காரு.”

“அப்ப ஏற்கனவே சொல்லியாச்சு.”

“அவரு கைராசி ஒங்களுக்குத் தெரியாததா அண்ணே?”

தெரியும். அந்தக் கையைத் தோமஸ் அளவுக்குக் கவனித்துப் பார்த்தவர் தோட்டத்தில் யாரும் இருக்க முடியாது. இறப்பர்ப் பால் காய்ந்து காய்ந்து நகக்கண்களில் கறுத்துப்போன, சற்றே குட்டையான விரல்களுள்ள ஒரு சாதாரணக் கை. அதில் விசேஷமாக எதுவும் இல்லை. விசேஷம் இல்லை என்பதுதான் தோமஸை அதிகம் வருத்தியது.

தோட்டப் பாதை இறங்கிப் பெல்மதுளை வீதியோடு சேரும் முடக்கில் இருந்தது தோமஸின் கராஜ். நாலு தூண், தகரக் கூரை, நடுவில் ஆள் இறங்கி நின்று வேலை செய்ய ஒரு குழி. குழிக்குள் அவருடைய தலை தெரியும்போதெல்லாம் வீதியில் போகிறவர்கள், “என்ன பாஸ், கல்லு கெடச்சுச்சா?” என்று கேட்பார்கள். மாணிக்கக் குழிகள் நிறைந்த ஊரில் அந்தப் பகிடி ஒருநாளும் பழசாகவில்லை. தோமஸ் மட்டும் அதற்குச் சிரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்.

அவர் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். அப்பா தோட்டத்து ஸ்டோரில் இறப்பர் ஷீட்டுகளைப் புகைபோடும் வேலையில் இருந்தார். தோமஸுக்குப் புகை ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் முடித்ததும் பெல்மதுளையில் நுஹ்மான் நானாவின் கராஜில் சேர்ந்து, வருஷக்கணக்கில் வாகனங்களுக்குக் கீழே மல்லாந்து கிடந்து வேலை பழகினார். தனியாகக் கராஜ் போடப் போகிறேன் என்று சொன்ன அன்று நுஹ்மான் நானா, “ஒன்ட வேலையில பிழை ஒண்டும் இல்ல” என்றார். அதற்கு மேல் பாராட்டி அவருக்குப் பழக்கமில்லை. பிழையில்லாத வேலை செய்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்று தோமஸ் அன்று நம்பினார். வாகனங்கள் வந்தன. நன்றியும் வந்தது. ஆனால் நன்றியில் பாதி வேறொரு வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்த வாசல் ஸ்ரீதரனுடையது. இருவரும் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். ஸ்ரீதரன் இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். வாகனத்தைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. முன்பொரு காலம் தோட்டத்து லொறி ஒன்று தேர்த் திருவிழாவன்று, சாமி ஏறி உட்கார்ந்த பிறகு, ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிட்டது. டிரைவர் பார்த்தார், தலைவர் பார்த்தார், தோமஸும் எஞ்சினுக்குள் தலையை விட்டுப் பார்த்து, தளர்ந்திருந்த ஒரு வயரை இறுக்கினார். அந்த நேரம் பார்த்துக் களைத்துப்போய் வந்த ஸ்ரீதரன் லொறியின் முகத்தில் கையை ஊன்றிச் சாய்ந்தார். லொறி உறுமியது. “கை வச்ச ஒடனே எடுத்துருச்சு!” என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான் கதை. அதன் பிறகு புது மரங்களில் முதல் வெட்டு அவர் வெட்ட வேண்டும் என்றானது. மாடு வாங்கினால் அவர் கயிறு பிடிக்க வேண்டும். பழுதான வாகனத்தில் முதல் ஸ்பேனரை அவர் வைக்க வேண்டும்.

திறமையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவனுக்கு ஒரு வழி உண்டு. அவனும் உட்கார்ந்து அதைக் கற்றுக்கொள்ளலாம்; முடியாவிட்டால், முடியவில்லை என்று ஒப்புக்கொண்டு தூங்கப் போகலாம். ராசியைக் கற்றுக்கொள்ள முடியாது. பொய் என்று நிரூபிக்கவும் முடியாது, ஏனென்றால் பலிக்காத நாட்களை யாரும் ஞாபகம் வைப்பதில்லை. தோமஸுக்கு மொழியில்கூட ஒதுங்க இடமில்லை. தமிழில் கைராசி என்றார்கள். எதிரே தேநீர்க் கடை வைத்திருந்த ஜினதாச, சிங்களத்தில் அதையே அத்குணய என்றார். தோமஸ் ஒரு வாகனத்தைச் சரிசெய்து வெளியே அனுப்பும்போது ஜினதாச, “ஸ்ரீதரன்கே அத்குணய, பாஸ்!” என்று கடைக்குள்ளிருந்தே குரல் கொடுப்பார். நல்ல மனதோடுதான் சொல்வார்.

வீட்டிலும் அது வந்து சேர்ந்திருந்தது. பின்பக்கக் கோடிப்புறத்தில் தோமஸ் வைத்த கறிவேப்பிலைக் கன்றுகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. மனைவி திரேசா அவரிடம் கேட்காமலே ஸ்ரீதரனைக் கூப்பிட்டு ஒரு கன்றை நட்டுக்கொண்டாள். அது கூரை உயரத்துக்கு வளர்ந்து நின்றது. தோமஸ் அன்றிலிருந்து கறியில் கிடக்கும் கறிவேப்பிலையை ஒன்று விடாமல் பொறுக்கிப் பீங்கான் ஓரத்தில் வைத்துவிடுவார். “சின்னப் புள்ளயாட்டம்” என்பாள் திரேசா. ஏன் என்று அவள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

சுதர்ஷினியின் வேன் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவது. விடுமுறைக் காலத்தில் இருக்கைகளைக் கழற்றிவிட்டு உரமூட்டை ஏற்றுவாள். பின்பக்கத்து ஷொக் எப்சோபர் ஒன்று செத்துப்போய், தோட்டப் பாதையின் ஒவ்வொரு குழியிலும் வேன் துள்ளியது. பிள்ளைகளின் தலை கூரையில் இடித்தது. திங்கட்கிழமை தவணைப் பரீட்சை. அதற்குள் புது ஷொக் மாட்டியாக வேண்டும்.

வெள்ளி மாலையே தோமஸ் குழியில் இறங்கிப் பார்த்தார். ஷொக்கின் கீழ் நுனியைப் பிடித்திருந்த போல்ட் துரு ஏறி, போல்ட் எது இரும்பு எது என்று தெரியாமல் ஒன்றாகிப்போயிருந்தது. சிந்திய உரம் மழைத் தண்ணீரில் கரைந்து வருஷக்கணக்காகச் செய்த வேலை. கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்தார், எண்ணெய் விட்டார். இரவெல்லாம் ஊறட்டும், காலையில் சூடு காட்டிப் பதமாக அசைத்துப் பார்க்கலாம் என்பதுதான் கணக்கு. அவசரப்பட்டால் இப்படிப்பட்ட போல்ட் முறியும். இது தோமஸுக்குத் தெரியாத விஷயமல்ல. கற்றுக்கொண்ட முதல் விஷயமே இதுதான்.

ஆனால் சனிக்கிழமை காலை அவருடைய எண்ணம் முழுவதும் போல்ட்டில் இல்லை. பாதையில் இருந்தது. பால் வெட்டு முடிந்து ஸ்ரீதரன் இறங்கி வருவார். ஸ்பேனரைத் தொட்டு, “முருகா” என்பார். அதன் பிறகு தோமஸ் என்ன செய்தாலும் அது ஸ்ரீதரன் தொட்ட வேலை. அவர் வருவதற்குள் போல்ட் வெளியே வந்திருந்தால்?

சூடு காட்டவில்லை. ஸ்பேனரை மாட்டி, அதன் பிடியில் நீளமான குழாயைச் செருகி, கால்களைக் குழியின் சுவரில் உதைத்துக்கொண்டு இழுத்தார். போல்ட் கொஞ்சம் அசைந்ததுபோல இருந்தது. அந்த அசைவு எப்படிப்பட்டது என்று அவருடைய கைக்குத் தெரியும். போல்ட்டின் புரி கழன்று வரும் அசைவு அல்ல, இரும்பு முறுகும் அசைவு. கைக்குத் தெரிந்தது மனதுக்கு எட்டுவதற்குள் ‘டக்’ என்றது. தலை முறிந்து குழிக்குள் விழுந்து உருண்டது.

“தோமசு, நேரத்துக்கு வந்துட்டேனா?”

மேலே ஸ்ரீதரன் நின்றார், பக்கத்தில் சுதர்ஷினி. ஜினதாசவும் கையில் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றார்.

“ஒடஞ்சிருச்சா?” சுதர்ஷினி தலையில் கையை வைத்துக்கொண்டாள். “நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே அண்ணே! அவரு வந்து தொடுற வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா?”

“உரத்த ஏத்தி ஏத்தி நீ போல்ட்ட தின்னக் குடுத்திருக்க. யாரு தொட்டாலும் ஒடையும்.”

“அனே, யாரு தொட்டாலுமா?” என்றார் ஜினதாச.

ஸ்ரீதரன் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுகூடத் தோமஸுக்குப் பெருந்தன்மைபோலப் பட்டது. அவருக்கு அது பிடிக்கவில்லை.

இரும்பறுக்கும் வாளால் அறுத்துப் பழைய ஷொக்கை எடுத்தார். முறிந்த போல்ட்டின் கட்டை, ஒரு விரல் நுனி அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. இனி ஒரே வழிதான். அந்தக் கட்டையின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து ஒட்ட வேண்டும். பிடிக்க ஓர் இடம் கிடைக்கும், வெல்டிங்கின் சூட்டில் துருவும் இளகும். ஆனால் ஒட்டிய உடனே திருகக் கூடாது. ஆறவிட்டு, முன்னே கொஞ்சம் பின்னே கொஞ்சமாக அசைத்து அசைத்து எடுக்க வேண்டும்.

பற்றரியின் வயரைக் கழற்றிவிட்டு, நட்டை ஒட்டினார். நட் சிவந்து, சிவப்பு மங்கத் தொடங்கியது.

“இப்பயாவது அவரு கை வைக்கட்டும் அண்ணே,” என்றாள் சுதர்ஷினி.

“தாராளமா வைக்கட்டும்.” தோமஸ் குழியிலிருந்து நகர்ந்து இடம் விட்டார். “எறங்கு ஸ்ரீதரு.”

ஸ்ரீதரன் இறங்கினார். ஸ்பேனரை விரலால் தொட்டு, “முருகா” என்று சொல்லிவிட்டு ஏறப் பார்த்தார்.

“தொட்டா பத்தாது. இழு.”

“எனக்கு இந்த வேல தெரியாது தோமசு. நான் சும்மா தொட்டுட்டுப் போறவன்.”

“ராசியான கைதானே. பயப்படாத. நல்லாப் பலமா இழு.”

எவ்வளவு அமைதியாக அந்த வார்த்தைகள் வந்தன என்பதைத் தோமஸே கேட்டார். கெடுதல் செய்யும்போது குரல் நடுங்கும் என்று மனிதர் நினைத்துக்கொள்கிறார்கள். நடுங்குவதில்லை. நல்லது சொல்லும்போது இல்லாத ஒரு தெளிவுகூட அதில் வந்துவிடுகிறது.

ஸ்ரீதரன் இழுத்தார். ஆறாத வெல்டிங் விட்டுக்கொடுத்தது. நட் ஸ்பேனரோடு பிடுங்கிக்கொண்டு வர, ஸ்ரீதரன் சுவரில் போய் மோதினார். சூடான நட் அவருடைய மணிக்கட்டை உரசிக் கீழே விழுந்தது.

யாரும் பேசவில்லை. தோமஸ் அந்த மௌனத்தை, தாகத்தில் இருந்தவர் தண்ணீரைக் குடிப்பதுபோலக் குடித்தார். பார்த்தீர்களா? பலிக்கவில்லை. எல்லோர் கண்முன்னாலும் பலிக்கவில்லை. இதற்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்ததுபோல இருந்தது.

“ஐயோ, அண்ணனுக்குச் சுட்டுருச்சே!” சுதர்ஷினி ஓடிப்போய் வாளியில் தண்ணீர் கொண்டு வந்தாள். “நம்ம வேலைக்கு வந்து இப்படி ஆயிருச்சே.”

ஜினதாச கற்றாழை முறித்துக்கொண்டு வரப் போனார். தோமஸ் எதிர்பார்த்த வார்த்தையை யாருமே சொல்லவில்லை. கைராசி தோற்றுவிட்டதாக அவர்களுக்குத் தோன்றவே இல்லை. ஒரு நல்ல மனிதருக்குக் காயம் பட்டுவிட்டதாகத்தான் தோன்றியது.

மழை தொடங்கியது. போவதற்கு முன் ஸ்ரீதரன் தோமஸின் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

“ஒடையும்னு ஒனக்குத் தெரியும்தானே.”

அது கேள்விபோல இல்லை. தோமஸ் வெல்டிங் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டி முடிந்த பிறகும் அவிழ்த்து மறுபடி சுருட்டினார். அவர் நிமிர்ந்தபோது ஸ்ரீதரன், கையில் கற்றாழை பூசிக்கொண்டு, தலையில் ஒரு பொலித்தீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு, ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தோமஸ் நேராகக் கராஜுக்குப் போகவில்லை. வீட்டுக்குப் போய், மாதா படத்துக்கு முன்னால் எரிந்து மிஞ்சியிருந்த மெழுகுவர்த்தித் துண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். வீதியில் ஆளில்லை. ஜினதாசவின் கடை பூட்டியிருந்தது. யாரும் வருவதாக இல்லை என்பதால் அவசரமும் இல்லை. கட்டையின் முகத்தை வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தார். புது நட்டை வைத்து, வளையம் நிரம்பும்வரை வெல்டிங் வைத்தார். நட் சிவந்து மங்கியதும் மெழுகுவர்த்தியைப் போல்ட்டின் வேரில் ஒற்றினார். மெழுகு உருகி, எண்ணெய் புக மறுத்த இடத்துக்குள் உறிஞ்சப்பட்டுப் போனது. முழுக்க ஆறவிட்டார்.

பிறகு ஸ்பேனரை மாட்டி, இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, கழற்றும் பக்கம் ஒரு மயிரிழை. மறுபடி சூடு, மறுபடி மெழுகு. பகல் சாப்பாட்டுக்குத் திரேசா கூப்பிட்டு அனுப்பியும் போகவில்லை. கடைசியில் எலிக்குஞ்சுபோல ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. போல்ட் கால் சுற்றுத் திரும்பியது. அதன் பிறகு அடம்பிடிக்கவில்லை. சிவப்புத் தூள் உதிர உதிர, சுற்றுச் சுற்றாக வெளியே வந்து அவருடைய உள்ளங்கையில் விழுந்தது. உள்ளே புரி பழுதில்லாமல் இருந்தது.

பார்க்க ஒருவரும் இல்லை. தோமஸ் வீதிக்கு வந்து இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஏற்றம் ஏறி வீட்டுக்குப் போய், அடுப்படி வாசலில் நின்றார்.

“திரேசா, இங்க பாரு.”

அவள் திரும்பிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. “கழண்டுருச்சா? நான் நெனச்சேன். நேத்துதானே அவரு கை வச்சாரு.”

தோமஸ் போல்ட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “அவரு கை வச்சப்ப ஒடஞ்சிதாண்டி போச்சு.”

“ஒடனேயா பலிக்கும்? ஒரு நாள் போகணும்ல,” என்று சொல்லிவிட்டு அவள் சட்டியை இறக்கப் போனாள்.

திங்கட்கிழமை வேன் துள்ளாமல் போனது. போல்ட்டைச் சுதர்ஷினி கேட்டு வாங்கிக்கொண்டாள். எதற்கு என்று தோமஸ் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தார். வேனின் முன்கண்ணாடிக்குப் பின்னால், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில், மஞ்சள் நூலில் அது தொங்கியது. பொட்டு வைத்திருந்தாள். தலை முறிந்த கட்டை, அதன் மேல் நட், இரண்டையும் சேர்த்து நிற்கும் வெல்டிங் வளையம். ஸ்ரீதரன் அண்ணன் கைப்பட்ட போல்ட் என்று பிள்ளைகள் சொல்லிக்கொண்டார்கள். ஸ்ரீதரனின் கைப்பட்ட நட் குழிக்குள் எங்கோ கிடந்தது. இது வேறு நட் என்று யோசித்துப் பார்த்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர்.

மற்றவர் ஒரு மாலை, பால் வாளியோடு கராஜ் வாசலில் வந்து நின்றார். மணிக்கட்டில் தோல் உரிந்து, புதுத் தோல் வெளிறித் தெரிந்தது.

“கேள்விப்பட்டியா?” என்றார் ஸ்ரீதரன்.

“கேள்விப்பட்டேன்.”

“நான் இல்ல, தோமசுதான் எடுத்தான்னு சொன்னேன். ஜினதாச கிட்டயும் சொன்னேன், சுதா கிட்டயும் சொன்னேன். பாரு, எவ்வளவு அடக்கமான மனுசன்னு அதுக்கும் என்னயவே புகழ்றாங்க. நான் என்ன செய்ய? நீயே சொல்லு. எல்லாத்தயும் சேத்துச் சொல்லு.”

எல்லாவற்றையும் சேர்த்து. அங்கேதான் இருந்தது விஷயம். ஸ்ரீதரன் கை வைத்தது பலிக்கவில்லை என்றால், ஏன் பலிக்கவில்லை என்று கேட்பார்கள். ஆறாத வெல்டிங்கை ஏன் இழுக்கச் சொன்னாய் என்று கேட்பார்கள். அந்தப் போல்ட்டைத் தன்னுடையது என்று சொல்ல வேண்டுமானால், அந்தக் காயத்தையும் தன்னுடையது என்று சொல்ல வேண்டும். தோமஸ் இரண்டையும் மனதில் எடுத்து எடை பார்த்தார்.

“விடு. போல்ட் கழண்டுச்சுல்ல,” என்றார்.

ஸ்ரீதரன், “ம்,” என்று சொல்லிவிட்டு வாளியைக் கை மாற்றிக்கொண்டு போனார். அந்த ‘ம்’மில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தோமஸுக்கு அன்றிரவு நன்றாகத் தூக்கம் வந்திருக்கும்.

வேன் தினமும் காலையில் கராஜைக் கடந்து போகிறது. தோமஸ் எந்த வேலையில் இருந்தாலும் நிமிர்ந்து பார்ப்பார். பார்ப்பது வேனை அல்ல. வெயில் பட்டால் அந்த வெல்டிங் வளையம் மின்னும். உள்ளபடி சொன்னால், அது அப்படி ஒன்றும் அழகான வெல்டிங் இல்லை. ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் தெறித்து ஒட்டிய புள்ளிகளோடு, குழிக்குள் கழுத்தை ஒடித்துக்கொண்டு வைத்தது. பிழையில்லை, அவ்வளவுதான். ஆனால் தன்னுடைய வேலைகள் எதையும் இப்படி யாரும் பொட்டு வைத்துக் கண்முன் தொங்கவிட்டதில்லை என்பது அவருக்குத் தோன்றாத நாளில்லை. இத்தனை நாளும் ஸ்ரீதரனின் கையைப் பார்த்து எரிந்தவர், இப்போது தான் செய்த ஓர் இரும்புத் துண்டைப் பார்த்து எரிந்தார்.

மழைக்காலம் வந்ததும் சுதர்ஷினி பிரேக்கைப் பார்க்க வேனைக் கொண்டு வந்து நிறுத்தினாள். “மொத ஸ்பேனர்” பற்றி இந்த முறை அவள் எதுவும் பேசவில்லை. தோமஸ் கேட்டதற்கு, “எதுக்கு அண்ணே? அதான் வேனுக்குள்ளயே இருக்கே” என்றாள்.

தோமஸ் டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். போல்ட் முகத்துக்கு நேராகத் தொங்கியது. இத்தனை கிட்டத்தில் அதை அவர் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பார்க்கவில்லை. புரியின் இடுக்கில் வெள்ளையாக மெழுகு இன்னும் ஒட்டியிருந்தது. அவருடைய கை தானாக உயர்ந்தது.

“அதத் தொடாதீங்க அண்ணே!” சுதர்ஷினி வெளியிலிருந்து பதறிக்கொண்டு சொன்னாள். “ராசியானது.”

தோமஸ் கையை எடுத்துக்கொண்டார். விரல்களில் கிரீஸ் இருந்தது. அதற்காகத்தான் சொல்கிறாள் என்று எண்ணிக்கொள்ளப் பார்த்தார். துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். சுத்தமான கையை மடியில் வைத்துக்கொண்டு, பிரேக்கை மிதித்தார்.